இன்னும் ஒரு வாளி

"மச்சான், இன்னும் ஒரு வாளி பிடிச்சு ஊத்திக்கங்க!"

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கத்தியவர் என் தங்கையின் கணவர். எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷர். போன தடவை நான் முகம் கழுவியபோதே, "குழாயை மூடுங்க" என்று முதுகுக்குப் பின்னால் வந்து நின்றவர். இப்போது ஊரெல்லாம் தண்ணீர்ப் பஞ்சம். இவரோ காலையில் ஒரு குளியல், மாலையில் ஒரு குளியல் என்று என்னை உபசரிக்கிறார்.

"நாளைக்குக் கிளம்பறேன் மாப்பிள்ளை."

"நல்லா இருக்கே! ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போகணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈரத் துண்டோடு சமையலறைக்குப் போய், "மாப்பிள்ளையை இத்தனை வருஷமா தப்பா நினைச்சுட்டேன்மா" என்றேன் தங்கையிடம்.

அவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். நான் வந்த நாளிலிருந்தே புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஜலதோஷம்.

"செடிக்கு நல்ல தண்ணி விட்டா குழாய் இணைப்பையே பிடுங்கிடுவாங்களாம்ணா. குளிச்ச தண்ணியைச் சுத்தம் பண்ணி எவ்வளவு வேணாலும் விடலாமாம். அவரோட ரோஜாவுக்காக நாங்களும் எத்தனை தடவைதான் குளிக்கிறது?"

ஜன்னல் வழியே பார்த்தேன். நான் குளித்த தண்ணீர் மணல் தொட்டியில் வடிந்து தெளிந்து, ரோஜாக்களின் வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல தண்ணீருக்கும் செடிக்கும் நடுவே நான் ஒரு குழாய், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துச் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது.

மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக உள்ளே ஓடிவந்தார்.

"மச்சான், எதுக்கு நாளைக்கு? சாயங்காலமே ஒரு பஸ் இருக்கே!"