அண்ணன் நல்லா இருக்கறாருங்க

“உங்களுக்கு பெட்டிஷன் போட்ட அண்ணன் இப்ப எப்படி இருக்கறாரு?”

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி கண்ணைச் சுருக்கினார். எதிரே இருந்த பாலுசாமி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“நல்லா... நல்லா இருக்கறாருங்க.”

அதிகாரி சிரித்துவிட்டு டையைத் தளர்த்தினார். அவர் அதிகாரியே இல்லை. காந்திபுரத்தில் மாடியறையில் டிராவல்ஸ் நடத்தும் சாய்குமார். வருகிற திங்கட்கிழமை மெட்ராஸில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அதற்கான ஒத்திகை இது.

“அண்ணனப் பத்தித்தானுங்க கேட்டேன், கொலைக் கேசா கேட்டேன்? இப்படி நடுங்குனா வெள்ளைக்காரன் என்ன நெனைப்பான்? ஆமா, மொட்டை வேற. வேண்டுதலுங்களா?”

“கொடுமுடிக்குப் போயிருந்தமுங்க.” பாலுசாமி மழித்திருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

“அப்புறம் என்ன, சாமி பாத்துக்கும்.”

பக்கத்தில் பாலுசாமியின் மனைவி நஞ்சம்மாள், கண்ணாடிச் சட்டம் போட்ட கடிதமொன்றை மடியில் அணைத்துக்கொண்டு, கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாக வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய கடிதம். மூலையில் சந்தனப்பொட்டு காய்ந்திருந்தது. விசா வந்துவிட்டது என்றுதான் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். பாலுசாமி வேலை பார்த்த மில்லை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு பெண்களுக்கும் இனி அமெரிக்காதான் வழி.

“அம்மணி, இது விசா இல்லீங்க,” என்றார் சாய்குமார். “‘இவன் என் தம்பி, இங்க கூப்பிட்டுக்கறேன்’னு அவரு மனுப் போட்டாரு. சரி, தம்பிதான்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தக் கடுதாசி இது. வரிசையில நிக்கறதுக்கு ஒரு எடம், அவ்வளவுதான். உள்ள வாங்கன்னு சொல்றதுதான் விசா. அது மெட்ராஸ்ல கைக்கு வந்தாத்தான் உங்களுது.”

“பாஸான மனு பாஸானதுதானுங்களே?” பாலுசாமி கேட்டார்.

“அதெப்படிங்க? மனு அவரோடது. திருப்பூர்ல ஒருத்தருக்கு, அண்ணன் ஆக்சிடென்ட்ல போனாரு, மனுவும் கூடவே போச்சு. அது விதின்னு விடலாம். தொண்டாமுத்தூர்க்காரரு கதை இன்னும் மோசம். தோப்பு பங்கு பிரிக்கறதுல சண்டை. அண்ணனே லெட்டர் எழுதி மனுவை வாபஸ் வாங்கிப்போட்டாரு!”

நஞ்சம்மாள் கையிலிருந்த டம்ளர் நழுவி, டீ தரையெல்லாம் ஓடியது.

சாய்குமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க, உங்களுக்குள்ள தகராறு கிகராறு ஒண்ணுமில்லையே?”

“இல்லீங்க.” பதில் ரொம்ப வேகமாக வந்துவிட்டது.

“எதுக்கும் நானே ஒரு வார்த்தை பேசிர்றேன். கோவம் இருந்தா இப்பவே சமாதானம் பண்ணிப்போடலாம்.” ஃபைலில் இருந்த அண்ணனின் சிகாகோ நம்பரைப் பார்த்து அவர் டெலிபோன் பட்டன்களை அழுத்தத் தொடங்கினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு சின்னச் சத்தம். பாலுசாமியின் மொட்டைத் தலையில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது.

“ஏனுங்க!” நஞ்சம்மாள் எழுந்தே விட்டாள். “இப்ப... இப்ப அங்க ராத்திரிங்க.”

சாய்குமார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானம் இரண்டு.

“அட ஆமா. தூங்கற மனுசனை எழுப்பக் கூடாது.” ரிசீவரை வைத்தார். “திங்கக்கிழமை தைரியமாப் போங்க. கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நல்லா இருக்கறாருங்க.”

“பாத்தீங்களா, இப்ப சுத்தமா வருது!”

இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். பாதியில் நஞ்சம்மாள் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள். இருபது நாளாக விழுங்கி வைத்திருந்த அழுகை அவள் தொண்டையிலிருந்து பெரிதாகக் கிளம்பியது.

பாலுசாமி பதறி, உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினார். மேலே சாய்குமாரின் கதவு திறந்தேதான் இருந்தது. பாலுசாமியின் கண்களும் நிறைந்துவிட்டன.

“சத்தம் போடாத நஞ்சு. விசா கைக்கு வர்ற வரைக்கும் எங்கண்ணன் சாகல.”