ஒஸ்காருக்கு நிற்காத படகு

ஆளில்லாப் படகு ஒஸ்காரின் மேலேயே ஏறிப் போய்விட்டது.

ஒஸ்கார் ஒரு பொம்மைதான். கடலில் ஆள் விழுந்தால் படகு கண்டு நிற்கிறதா என்று பார்க்க, ஜேர்மனியின் கீல் குடாவில் வீசுவார்கள். ஆனாலும் துணைப்படகில் நின்ற ஆறு பேரும் கத்திவிட்டார்கள். பொம்மையின் தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கமாக மிதந்தன.

சோதனைக் குழுவின் தலைவன் ஜெனிஸ்டன் ஆரணியின் பக்கம் திரும்பினான். மனிதரை அடையாளம் காணப் படகின் கமெராவைப் பழக்கியவள் அவள்தான்.

“உன் கமெராவுக்குக் கண் குருடா? உண்மையான ஆளாக இருந்திருந்தால்?” என்று எல்லாருக்கும் முன்னால் டொச்சு மொழியிலேயே ஏசினான்.

தானும் தமிழன் என்பதால் தமிழ்ப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறான் என்று எந்த டொச்சுக்காரனும் சொல்லிவிடக் கூடாதே. அதனால் மற்றவர்களுக்கு ஒரு சொல் என்றால் இவளுக்கு எப்போதும் ஒன்பது.

ஆரணி தன் கையிலிருந்த திரையை ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்தாள்.

“வெள்ளிக்கிழமையோடு உன் தகுதிகாண் காலம் முடிகிறது. சரிவரமாட்டாய் என்றுதான் எழுதப்போகிறேன்.”

கரைக்கு வந்ததும் மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போனார்கள். எழுத ஆதாரம் வேண்டுமே என்று ஜெனிஸ்டன் படகின் பதிவைத் திறந்தான். கடைசிப் பதிவை இரண்டு தரம் வாசித்தான்.

‘நூற்றிருபது மீற்றரில் மனிதன். உறுதி 98 வீதம். நிறுத்தவில்லை. காரணம்: நீருக்கு மேலே அரை மீற்றருக்குக் குறைவாகத் தெரிந்தால் நிற்க வேண்டாம் என்ற கட்டளை. இட்டவர்: ஜெனிஸ்டன்.’

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். படகுக்குத் தெரிந்திருந்தது.

கடல்நாய்க்கும் கடற்காகத்துக்கும் நின்று நின்று படகு பிந்துகிறது என்று, போன கிழமை அவசரத்தில் அவன்தான் அந்தக் கட்டளையைப் போட்டான். தண்ணீரில் தத்தளிக்கிற மனிதனுக்கும் தலை மட்டும்தான் வெளியே தெரியும் என்பது அப்போது தோன்றவில்லை. எழுந்து இறங்குதுறைக்கு நடந்தான்.

ஆரணி அங்கே குந்தியிருந்து ஒஸ்காரின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ர கட்டளைதான் காரணமெண்டு உமக்கு முதலே தெரியுமோ?” தமிழில் கேட்டான்.

“ஓம் அண்ணை. இடிச்ச உடனேயே என்ர திரையில பாத்திட்டன்.”

“அப்ப ஏன் பேசாமல் நிண்டனீர்? வேலையல்லோ போகப் பாத்தது.”

“எல்லாருக்கும் முன்னால வச்சல்லோ கேட்டனீங்கள், அண்ணை. அதுக்குள்ள எப்பிடி உங்கட பேரைச் சொல்லுறது?”