கரடிக்கு நான் பொறுப்பு

"பார்க்குக்குள்ளயே ஓட்டல் இருக்கறப்ப, பத்து கிலோமீட்டர் தள்ளி லாரி ஷெட்டுப் பக்கத்துல யாராச்சும் ரூம் போடுவாங்களா?"

ரோஷன் பேகம் கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கே வந்துவிட்டாள். நூகு செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்கயும் ஏசி இருக்கு புள்ள. சுத்தமா இருக்கும்."

"பத்து கிலோமீட்டருங்க. நெடுங்காட்டுல ரூம் போட்டுட்டு காரைக்கால் பீச்சைப் பாக்கப் போற மாதிரி."

பதினாலு மாதம் கழித்து ஷார்ஜாவிலிருந்து வந்திருக்கும் மனுஷன். அந்தத் தெருவில் வெளிநாடு போனவரைச் சபராளி என்பார்கள். சபராளி வீடு என்றால் மீன்காரிகூட ஒரு வார்த்தை மரியாதையாகப் பேசுவாள்.

பெட்டியைப் பிரித்த அன்றே மகள் ஆஃப்ரின் மடியில் ஏறிக்கொண்டு, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தீம் பார்க்குக்குத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். ராட்டினம் அவளுக்குப் பெரிதில்லை, பார்க் விளம்பரத்தில் ஆடும் கரடிதான் பெரிது. உள்ளே இருக்கும் ஓட்டலில் தங்கினால், காலையில் பசியாறும் நேரத்துக்குக் கரடி மேசைக்கே வந்து பிள்ளைகளுக்குத் தோசை ஊட்டுமாம். இரண்டாம் வகுப்பு முழுக்க இதைச் சொல்லி முடித்திருந்தாள். சனிக்கிழமை போவதென்று நாளும் குறித்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நூகு அந்த ஓட்டலுக்கு மட்டும் ஆட்டவில்லை.

"காசு போவுதுன்னு பாக்கறீங்களா?"

"காசு இல்ல விஷயம்."

"அப்ப எதுதான் விஷயம்?"

நூகு மறுபடி செல்போனைத் தேய்க்கத் தொடங்கினார். ரோஷன் பேகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவின் செல்போனில் கரடி விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஆஃப்ரின் நிமிர்ந்தாள். "உம்மா, தூரத்து ஓட்டலுக்குக் கரடி வருமா?"

"ஒங்க வாப்பாவையே கேளு."

"ஓட்டலுக்கு வராதும்மா," என்றார் நூகு. "நீயும் உம்மாவும் காலையில பார்க் கேட்டுல போயி நில்லுங்க. கரடியே வந்து உன்னைத் தூக்கிக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்க வரலையா வாப்பா?"

"எனக்கு ராட்டினத்தைப் பாத்தாலே தலை சுத்தும். ரூம்லயே படுத்துக்கறேன்."

ரோஷன் பேகம் கரண்டியை மேசையில் போட்ட சத்தத்தில் பிள்ளை விளம்பரத்தை நிறுத்தினாள்.

"படுத்துக் கெடக்கறதுக்கா அம்புட்டு தூரம்? பொண்டாட்டி புள்ளையோட அந்த ஓட்டல்ல யாரு கண்ணுலயும் பட்டுடக் கூடாதா? யாரு இருக்கா அங்க?"

"என்ன பேச்சு பேசற நீ?"

"பேசாம என்ன செய்யறது? நோன்புப் பெருநாளுக்கு ஷார்ஜாவுல ஒரு நாள் முந்தியே பிறை பாத்துப் பெருநாள் வச்சுட்டாங்க. தெருவுல எல்லா சபராளி வீட்டுக்கும் அன்னிக்கே போன் வந்துடுச்சு. பக்கத்து வீட்டு அர்ஷியா மூணு தடவை வந்து, 'ஒங்க மச்சான் பேசிட்டாங்களா'ன்னு கேட்டா. நீங்க மறுநாள் நம்ம பெருநாளன்னிக்குத்தான் சாவகாசமா வாழ்த்து சொன்னீங்க. ஒங்க புத்தி வேற எங்கயோ இருக்குன்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

அந்த நேரம் பார்த்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது நூகுவுக்கு வசதியாகப் போயிற்று. தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். போன வேகத்தில் செல்போனைச் சார்ஜரில் மாட்டிவிட்டதோடு சரி, எடுத்துக்கொள்ள மறந்துபோனார்.

இனி இவரைக் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. தானே ரூம் போட்டுவிடுவது என்று ரோஷன் பேகம் முடிவு செய்தாள்.

"விளம்பரத்துக்குக் கீழ அந்த ஓட்டல் நம்பர் இருக்கும், படி."

ஆஃப்ரின் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ரோஷன் பேகம் அதைக் கணவனின் செல்போனில் அழுத்தினாள். பத்தாவது எண்ணை அழுத்தியதும் திரையில் ஒரு பெயர் வந்து நின்றது: அல்லி.

ஷார்ஜாவில் வேலை பார்க்கிற மனுஷனுக்குச் சென்னை ஓட்டலில் ஓர் அல்லி. ஆக, தலையும் சுற்றவில்லை, ராட்டினமும் சுற்றவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டே தீருவது என்று, பிள்ளைக்குக் கேட்காதபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

இவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

"சொல்லுங்க நூகு பாய், ரிசப்ஷன் அல்லிதான். சனிக்கிழமை விஷயம்தானே? லீவா இருந்தாலும் காலையில மட்டும் வந்து நானே கரடி வேஷம் போட்டுக்கறேன்னு கேட்டீங்கள்ல, மேனேஜர் சரின்னுட்டாரு. டிரெஸ்ஸைத் துவைச்சு எடுத்து வச்சாச்சு. ஷார்ஜா வேலை போயி இங்க வந்து சேந்ததுலேர்ந்து பெருநாளைக்குக்கூட லீவு போடாம நின்ன ஆளு நீங்க. மகளைத் தூக்கிக்கணும்னு கேட்டா மாட்டேன்னு சொல்லுவாரா?"

ரோஷன் பேகம் போனை வைத்தாள். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது நூகு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உம்மா, கரடி ஓட்டல்ல ரூம் கெடச்சுதா?" என்றாள் ஆஃப்ரின்.

"வேணாம்மா. வாப்பா சொன்ன ஓட்டல்லயே தங்கிக்கலாம்." பதில் மகளுக்கு, பார்வை மட்டும் வாசலில். கோபம் இன்னும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. "ஆனா அந்தக் கரடி உன்னைத் தூக்கி முடிச்சதும் என்கிட்ட வரணும். அதுக்கிட்ட எனக்குக் கேக்கறதுக்கு நாலு கேள்வி இருக்கு."