நீயே பேசு

"நீயே பேசு" என்று ராமேஸ்வரத்தில் ஆட்டோக்காரரைக் கைகாட்டிவிட்டு, முதுகுப்பையோடு மனைவிக்குப் பின்னால் நின்றுகொண்டார் ஜவஹர்.

கன்னியாகுமரியில் பஸ் விசாரித்ததும், வர்க்கலாவில் அறை கேட்டதும் சந்திரிகாதான்.

"ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தீங்களா, வேலை வாங்கவா? இனிமே உங்களோட எங்கயும் வரமாட்டேன்!"

ஜவஹர் சிரித்தார்.

ஊர் திரும்பிய மாதமே அவர் ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். காரியம் முடிந்து, அங்கே விட்டுவந்த பையை வாங்கப் போனாள் சந்திரிகா.

"அதிக நாள் இல்லைன்னு டூருக்கு முன்னாடியே அவர்கிட்ட சொல்லிட்டேம்மா" என்றார் டாக்டர். "'அவ மயிலாப்பூர் தாண்டித் தனியாப் போனதில்ல டாக்டர், பழக்கிட்டு வந்துடறேன்'னார்."

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கம்மா போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"மயிலாப்பூர். எவ்ளோ?" என்று கேட்டுவிட்டு, பழக்கத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.