இரண்டாவது கையெழுத்து

வினாத்தாள் உறை மேற்பார்வையாளரின் மேஜையில் சீல் உடையாமல் கிடந்தது. அதை உடைக்க எழுத வந்தவர்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும்.

அறையில் இருந்தது அவள் ஒருத்திதான். தன் கையெழுத்தை எப்போதோ போட்டுவிட்டாள்.

"ரெண்டு பேர் முன்னாடிதான் பிரிக்கணும்மா. இன்னொருத்தர் வரலேன்னா நான் என்ன செய்ய?" என்றார் மேற்பார்வையாளர். வேறு பள்ளியிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, விதிக்குப் பயந்தவர்.

பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. இந்த மையத்தில் பதிந்தவர்களே இரண்டு பேர். மற்ற அறைகளில் எல்லாம் பிள்ளைகள் புதிய பாடத்திட்டத்தை எழுதக் காத்திருந்தார்கள்.

புதியதில் கணக்கு தனிப் பாடமாக இல்லையாம். 'வாழ்வியல் திறன்' என்று ஒன்று வந்திருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டே இரண்டு மகள்களைப் படிக்கவைக்கிறவளுக்கு அதில் நூற்றுக்கு நூறு தாராளமாகப் போடலாம். ஆனால் போடமாட்டார்கள். முதலிலிருந்து படித்துவிட்டு வா என்பார்கள்.

மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். கணக்குதான் ஒவ்வொரு தடவையும் காலை வாரியது. இன்று தேறாவிட்டால் தேறியதெல்லாம் செல்லாக்காசு. பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாதவளுக்கு வார்டு உதவியாளர் வேலை கிடையாது. கடைசிவரை துடைப்பம்தான்.

எழுதித் தோற்றாலாவது மனசு ஆறும். உறையையே பிரிக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் யாரிடம் போய் அழுவது?

வராதவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். அது போதாமல், வாசலில் நின்ற பள்ளி மணிக்காரரிடம் வாய்விட்டே சொன்னாள்.

"எந்தத் தண்டச்சோறோ தெரியலண்ணே. இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவான். என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டான்."

மணிக்காரர் வராந்தாவை எட்டிப் பார்த்தார்.

அவரைப் பார்த்தாலும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. காலையில் அறை எது என்று கேட்க அவள் தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நின்றபோது, இந்த மனிதர் உள்ளே லீவுக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மத்தியானம்வரைக்கும் கொடுத்தால் போதும் என்று.

தலைமை ஆசிரியர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, எதற்கு என்று கேட்கவும் இல்லை. புதுப் பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை, மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள், மணியை நானா அடிப்பேன் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் அவளுக்குப் பட்டது. வருஷமெல்லாம் இருக்க, இன்றைக்கா ஒரு மனுஷனுக்கு லீவு வேண்டும்?

மாற்று ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன் என்று சொல்லித் துரத்திவிட்டார். அதற்குத்தான் மணிக்காரர் வராந்தாவின் அந்தக் கோடியைப் பார்த்தபடி நின்றார். காக்கிச் சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். பையில் இரண்டு பேனாக்கள்.

வராந்தாவில் ஆள் வரவில்லை. தலைமை ஆசிரியரின் குரல்தான் வந்தது. மணி ஏன் இன்னும் அடிக்கவில்லை, அத்தனை அறையும் காத்திருக்கிறது என்று.

மேற்பார்வையாளர் உறையை எடுத்துப் பைக்குள் வைக்கப்போனார்.

அவள் எழுந்து நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

மணிக்காரர் வராந்தாவைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"வெக்காதீங்க சார். அந்த இன்னொருத்தன் நான்தான்."

நான்காக மடித்திருந்த ஹால் டிக்கெட்டைப் பிரித்து மேஜையில் வைத்தார். மேற்பார்வையாளர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டால் தேர்வுக்கு வந்ததாக ஆகிவிடும், அதன் பிறகு அறையை விட்டு வெளியே போகிறவரைத் திரும்ப உள்ளே விட முடியாது என்றார். விதியைச் சொல்லும்போது முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு, மணிக்காரர் அவளுடைய கையெழுத்துக்குக் கீழே நிதானமாக முழுப் பெயரையும் எழுதினார்.

சீல் உடைந்தது.

விதிப்படி இரண்டு மேஜைகளிலும் வினாத்தாள் வைக்கப்பட்டது. மணிக்காரர் தன் மேஜைக்கு வந்து, உட்காராமல், குனிந்து முதல் கணக்கைப் படித்தார். உதடு அசைந்தது. அவருக்கு விடை வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

வராந்தாவில் மறுபடியும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள்.

அவர் நிமிர்ந்தார்.

அண்ணே என்று கூப்பிட அவள் வாயெடுத்தாள். சற்று முன்னால் அதே வாயால்தான் தண்டச்சோறு என்றிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மின்விசிறிக் காற்றில் பக்கத்து மேஜையின் வினாத்தாள் பறக்கப் பார்த்தது. அவள் எட்டி அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். அடுத்தவர் தாளைத் தொடக் கூடாது என்பதும் விதிதான். மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி அடித்தது. என்றும்போல, ஒரு அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.