கைகழுவிய தண்ணீர்

போன கார்த்திகையில், நான் கோயிலுக்கும் அவள் சர்ச்சுக்குமாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஜாக்குலின்தான் இதை எனக்கு முதலில் சொன்னாள். இது நடந்த ஜீப்பில்தான் அவளும் தினமும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறாள்.

ஒருநாள் சாயங்காலம் போடிக்கு இறங்குகிற ஜீப்பில் ஒரே நெருக்கடி. சுகன்யா தன் எட்டு மாதக் குழந்தையைப் பக்கத்திலிருந்த குருவம்மாள் மடியில் வைத்தாள்.

"எடு, எடு! என் மேல வைக்காத!"

"ஏன்க்கா, எம்பிள்ளை பட்டா தீட்டா?" சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மத்தியானம் நம்மகூடச் சாப்பிடுறாளா இவ?" என்றாள் ராக்கு. "தூக்குவாளியோட பூச்சிமருந்து ஸ்டோருக்குப் பின்னாடி போயிருவா. ஒளிச்சுவச்சுத் திங்க அப்படி என்ன கொழம்போ!"

குருவம்மாள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பால்பாண்டி அண்ணே, அடுத்த வாரத்துலருந்து இவள ஏத்தாதீங்க," என்றாள் சுகன்யா டிரைவரிடம். ஜீப்பே தலையாட்டியது. ஜீப் இல்லையென்றால் குருவம்மாளுக்கு மலைவேலை இல்லை.

மறுநாள் எஸ்டேட்டுக்கு சூர்யகலா வந்தாள். போடிக்குப் பக்கத்துச் சிலமலைப் பெண்; மதுரையில் ஆராய்ச்சி படிக்கிறாள். கையில் செல்போன் அளவுக்கு ஒரு மிஷின், விரல் நீளத்தில் பட்டைகள்.

"இந்தக் கறுப்புப் பூச்சு கரண்டு கடத்துற பிளாஸ்டிக்கு. அதுமேல நொதி ஒட்டியிருக்கேன். நீங்க கைகழுவுன தண்ணியில ஒரு சொட்டு விடுவேன். சுத்தமா இருந்தா நூறு காட்டும். பூச்சிமருந்து இருந்தா நொதி மயங்கிரும், கரண்டு குறையும், நம்பர் இறங்கும்."

"அதுவும் நம்மள மாதிரியே மயக்கம் போடுமா ஆத்தா?" ராக்கு கேட்க, ஒரே சிரிப்பு.

சாப்பாடு முடிந்து வரிசையாகக் கை கழுவினார்கள். தொண்ணூறு. எண்பத்தெட்டு. சுகன்யாவுக்குத் தொண்ணூற்றிரண்டு.

ஸ்டோர் பக்கமிருந்து வந்த குருவம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம்."

"கை தேஞ்சா போயிரும்?" ராக்கு பிடித்திழுத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

பதினொன்று.

சூர்யகலா பட்டையை மாற்றிப் பார்த்தாள். பன்னிரண்டு. "நீங்க மருந்தடிக்கவும் போறீங்களாக்கா?"

"அது ஆம்பளைக சோலி. எங்க வீட்டுக்காரருதான் அடிக்கிறாரு..." என்ற சுகன்யா சட்டென்று நிறுத்தினாள். "அவரு சட்டைய எஸ்டேட்லயே துவைச்சுக் குடுத்துர்றாங்கன்னாரே... இங்க யாரு துவைக்கிறா?"

குருவம்மாள் தரையைப் பார்த்தாள். "வீட்டுக்குக் கொண்டாந்தா உம்பிள்ளை மேல படும்ல. அதான் மத்தியானம் நானே வாங்கி அலசிப் போட்டுர்றேன்."

"ஒரு வார்த்தை சொன்னா என்னக்கா?"

"சொன்னா, நானே துவைக்கிறேன்னு நிப்ப. பால் குடுக்குறவ."

அன்று ஜீப்பில் சுகன்யா குருவம்மாளை ஒட்டித்தான் உட்கார்ந்தாள். குழந்தையை மட்டும் தானாகவே ராக்குவிடம் கொடுத்துவிட்டாள்.

இதைக் கேட்ட நீங்கள் போடி பஜாருக்குப் போனால், முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி வாருங்கள். குருவம்மாளுக்குக் கொஞ்சம் பெரிய கை.