முதுகுக்குப் பின்னால் ஒரு கை

"இன்னிக்கோட டென்னிஸ விட்டுடறேன் பெனிட்டா. முட்டி சொன்ன பேச்சு கேக்கல," என்றாள் எழில்.

"உன் முட்டியக் கேட்டா உன்னோட ஜோடி சேர்ந்தேன்? போடீ."

இரட்டையர் ஆட்டம் தொடங்கியது. எழில் சர்வீஸ் போடுமுன், வலையருகே குனிந்து நிற்கும் பெனிட்டா, தான் எந்தப் பக்கம் பாயப்போகிறாள் என்பதை முதுகுக்குப் பின்னால் விரல்களால் காட்டுவாள். இத்தனை வருடமும் அப்படித்தான். 'என்னை விட்டுப் போகாதே' என்பதற்கு மட்டும் அவர்களிடம் சைகை இல்லை. இன்று அவள் உள்ளங்கையை அப்படியே விரித்துப் பிடித்தாள்.

எழிலிடமிருந்து பந்து பறந்து வரவில்லை. கூட்டம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் சத்தமின்றி அசைந்தது.

"இது என்னடீ புதுசா?" பின்கோட்டில் நிற்கும் எழிலின் குரல் பெனிட்டாவின் காதோரம் கேட்டது.

"நீயே புரிஞ்சுக்கோ."

விரித்த கையில் பந்து வந்து உட்கார்ந்தது, வெதுவெதுப்பாக. அத்தனை தூரத்தையும் தாண்டி வந்த எழிலின் விரல்கள் அதை இன்னும் விடவில்லை.